புல்லட் சொல்லித்தரும் உற்பத்தித்திறன் பாடம்

"எம்.என்.சி. வந்தா உற்பத்தித்திறன் தானா ஏறிடும்" என்றுதான் நம்மில் பாதிப்பேர் பரீட்சையில் எழுதுவோம். மணலி புதுநகருக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூரில், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஃபேக்டரி இருக்கு: என்ஃபீல்டு.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. வெளிநாட்டுக் கம்பெனியால் கிடைக்கும் நிஜ லாபம் இந்தத் தொழில்நுட்பக் கைமாற்றம்தான்.

அப்புறம்? கிட்டத்தட்ட அங்கேயே நின்னுபோச்சு. உற்பத்தியைக் கூட்டவே லைசென்ஸ் வேண்டும், இறக்குமதிக்குத் தடை, போட்டிக்கு ஜாவா, ராஜ்தூத் போல நாலைந்து பெயர்கள்தான். வண்டி எப்படி இருந்தாலும் விற்கும்போது இன்ஜினை யார் மாற்றுவார்? 1970 வாக்கில் தாய்க் கம்பெனியே மூடிவிட்டது. புல்லட் மட்டும் அதே வார்ப்பிரும்பு இன்ஜினோடு ஓடிக்கிட்டே இருந்தது.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கு, கவனிங்க. உதாரணத்துக்கு, 10 பேர் ஒரு நாளில் 5 வண்டி செய்கிறார்கள். போட்டி இல்லாததால் கம்பெனி விலையை 20% ஏத்துது. 'ஒரு தொழிலாளிக்கு இத்தனை ரூபாய்' என்று அளந்தால் உற்பத்தித்திறனும் 20% கூடின மாதிரி தெரியும். ஆனா வண்டி அதே 5தான். ரூபாயில் வந்த புள்ளிவிவரத்தைப் பார்த்தால், முதலில் சந்தையில் எத்தனை பேர் போட்டி போடுறாங்கன்னு கேளுங்க.

1980-களின் நடுவில் ஓசூரில் இண்ட்-சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா என்று 100 சிசி வண்டிகள் வந்தன. மைலேஜில் புல்லட்டால் நிற்க முடியவில்லை. 1994-இல் ஐஷர் கைக்குப் போனது. 2000 வாக்கில் மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை. ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது. அலுமினிய இன்ஜினும், 2009-இல் கிளாசிக்கும் வந்தன. கத்துக்கொடுத்தது வெளிநாட்டுக் கம்பெனி, மாறவைத்தது போட்டி. (ஆனாலும் 350 சிசியில் எதிரி குறைவாக இருந்ததும் மீண்டு வர உதவியது என்பது என் கணிப்பு.)

விற்பனை ஏறியதும் பெரிய புது ஆலை வந்தது, 2013-இல். திருவொற்றியூரில் இல்லை, ஒரகடத்தில். அடுத்தது வல்லம் வடகால். ரெண்டுமே நம்ம பக்கத்துக்கு நேர் எதிர்க்கோடி.