ஆமைக்கு ஆள் இருக்கு, பாசிக்கு?

நெய்வேலியிலிருந்து கிழக்கே போனால் கடலூர் கடற்கரை. தை முதல் பங்குனி வரை இரவில் அங்கே ஆமைகள் கரையேறி முட்டையிடும். பங்குனி ஆமை என்று பேர். ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம் பிறக்கும். ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீங்க.

உலகச் சிவப்புப் பட்டியலில் இந்த ஆமை நிற்கிற அதே படியில் ஒரு பாசியும் நிற்கிறது. குளத்துப் பாசி இல்லை. மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சை வெல்வெட் மாதிரி படருமே, அந்த இனம். பேர் தகாக்கியா செரட்டோஃபில்லா. சிக்கிம் பக்கம் இமயமலை உச்சிகளில் இருக்கு. உயரம் ஓர் அங்குலம்கூடத் தேறாது.

ஆமைக்கு 1972 காட்டுயிர்ச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம் உண்டு. முட்டையைப் பொறுக்கிக் காப்பகத்தில் புதைக்க ராத்திரியெல்லாம் கரையில் நடக்கிற இளைஞர்கள் உண்டு. பாசிக்காக யார் மலையேறுவார்? கண்ணும் முகமும் இருந்தால்தான் நமக்கு இரக்கம் வரும் போல.

ஆமை நீந்திப் போய்விடும். பாசி நகராது, வெப்பம் ஏற ஏற மேலே மேலே பரவலாம், உச்சி வந்துவிட்டால் அப்புறம் இடமில்லை. நம்ம ஊரில் எரிகிற பழுப்பு நிலக்கரியின் புகைக்கும் அந்த வெப்பத்தில் பங்கு உண்டு. அந்தக் கரியும் ஒரு காலத்துச் செடிகொடிதான்.

நம் வயல் பாசிக்கு வருவோம். அதற்கு வேர் கிடையாது. தண்ணீரை உடம்பாலேயே உறிஞ்சும். அதனால் தெளிக்கிற எதுவும் நேரே உள்ளே போகும். இயற்கை விவசாயிகளான நாமும் போர்டோ கலவை அடிக்கிறோம். அதிலுள்ள மயில்துத்தம் பாசியைக் கொல்லும், மண்ணிலும் தாமிரமாகத் தங்கும். கிணற்றோரம், நிழல் வரப்பு இவற்றை விட்டு அடிங்க.

நாற்றுத் தட்டுக்குப் பீட்மாஸ் வாங்கச் சொல்வார்கள். அது சதுப்பை வடித்து வெட்டியெடுத்த பழைய பாசி. தென்னை நார்க்கழிவில் சாணக் கரைசல் தெளித்து, நன்றாக மட்கவிட்டுப் போட்டாலே கத்தரி, மிளகாய் நாற்று தாராளமாக வரும்.