அம்மா இருளர், அப்பா வேறு சாதி: பள்ளி விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களில் பழங்குடியினரான இருளர் பெண்ணை மணந்த வன்னியர், மீனவர் குடும்பங்கள் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, சாதி என்ன என்று கேட்டதும் அவசரத்தில் அப்பாவுடையதைச் சொல்லிவிடுகிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் அது அப்படியே ஏறிவிடும். பின்னாளில் அம்மா வழியில் சான்று கேட்டால், அதையே எடுத்துக் காட்டி மறுப்பார்கள். ஆகவே முடிவெடுக்கும் வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதற்கு 1973லேயே அரசாணை இருக்கிறது.

கலப்பு என்று தனிப் பிரிவு கிடையாது, இரண்டில் ஒன்றுதான். கலப்புத் திருமணச் சான்று வேறு, அது பிள்ளையின் சாதிச் சான்றாகாது. பிள்ளை எந்த வழியில் வளர்கிறதோ அதைப் பெற்றோர் உறுதிமொழியாகச் சொல்லலாம் என்கிறது 1975ஆம் ஆண்டின் சமூக நலத்துறை அரசாணை 477. ஒரு பிள்ளைக்குச் சொன்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். மூத்தவளுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில். பெற்றோர் இருவரின் சாதிச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை எடுத்துச் செல்லுங்கள். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் சான்று தாலுகா அலுவலகத்தோடு முடியும். பழங்குடியினர் சான்றுக்குக் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கையெழுத்து வேண்டும். மாமல்லபுரத்துக்காரர்களுக்குத் தாலுகா திருக்கழுக்குன்றம், ஆர்.டி.ஓ. செங்கல்பட்டில்.

பலர் தடுக்கி விழுவது விண்ணப்பத்துக்குப் பின் நடக்கும் விசாரணையில்தான். அப்பா வேறு சாதி என்றால் பிள்ளையும் அதுதானே என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதிவிடுவார். இங்கே 2012இல் உச்ச நீதிமன்றம் தந்த ரமேஷ்பாய் நாயக்கா தீர்ப்பைச் சொல்லுங்கள். குஜராத்தில் பழங்குடித் தாய்க்கும் சத்திரியத் தந்தைக்கும் பிறந்தவருக்குக் கிடைத்த ரேஷன் கடை பறிக்கப்பட்ட வழக்கு அது. தந்தையின் சாதி என்பது வெறும் அனுமானம். தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவையும் இல்லாமையையும் அனுபவித்ததாகக் காட்டினால் அந்த அனுமானம் நிற்காது என்றது நீதிமன்றம்.

காட்டுவது எப்படி? தாய்மாமன், தாய்வழிப் பாட்டி ஆகியோரின் பழங்குடிச் சான்றுகளை வையுங்கள். வீடு இருளர் குடியிருப்பில் என்றால் முகவரிச் சான்று வையுங்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பத்தோடு தங்கிக் கன்னியம்மனை வணங்குவதை மனுவில் எழுதுங்கள். தாய்வழித் தாத்தா வடநெம்மேலி பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றால் அந்த அட்டையின் நகல் பெரிய பலம். இல்லையென்றாலும் தயங்க வேண்டாம்: பாம்பு பிடிக்கத் தெரியாதவர் இருளர் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொடுத்து விசாரணைக்கு அழைத்துப் போகாதீர்கள். வாழாத வாழ்க்கையை எழுதி வாங்கிய சான்று ரத்தானால் கல்லூரி இடமும் போகும்; உண்மையான இருளர் பிள்ளைகள் மீதும் சந்தேகம் விழும். மாநிலத்தில் பழங்குடியினருக்கு இருக்கும் இடஒதுக்கீடே 1 சதவீதம்.

திருமணத்தால் அப்பா இருளர் ஆக மாட்டார், அம்மாவும் தன் சாதியை இழக்க மாட்டார். அம்மாவின் பழைய சான்று திருமணத்தால் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜூனில் ஓடாதீர்கள், ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தக் காரணத்துக்கான ஆவணத்தை முதல் பக்கமாக வைத்து மறுபடி கொடுங்கள்.