எழுதியது நம் கையில் இருக்கட்டும்

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், உன் குரலில் இருந்த களைப்பைக் கேட்டதும் வேறெதுவும் பேசத் தோன்றவில்லை. மித்ரனுக்கு ஸ்பீச் தெரபி, உனக்கு ஆபீஸ். இதற்கு நடுவில் ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒரு தாய் "பிராசஸர் ஒயர் போய்விட்டது, எங்கே கிடைக்கும்" என்று வாட்ஸாப்பில் கேட்டால், அதற்கும் நீதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறாய் என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் குழுவை வாட்ஸாப்பிலிருந்து வெளியே கொண்டுவர நினைப்பது சரியான முடிவு. அங்கே ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை, போன மாதம் நீ விளக்கமாகச் சொன்ன பதில் இந்த மாதம் சேர்ந்தவர் கண்ணில் படாது. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் ஆபரேஷன் செய்துகொள்ள ஆறு வயது வரம்பு இருப்பதால், ஒவ்வொரு தாயும் அதே அவசரத்தோடு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருகிறாள். பதில்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும்.

டிஸ்கோர்ஸா, ஃபிளாரமா, பிஎச்பிபிபியா என்று கேட்டாய். மூன்றும் இணையத்தில் கலந்துரையாடல் களம் நடத்துவதற்கான திறந்த மூல மென்பொருள்கள், மூன்றும் இலவசம். எதை எடுத்தாலும் உன் விருப்பம்தான். நான் அறிந்ததை மட்டும் சொல்கிறேன்.

டிஸ்கோர்ஸை 2013-ல் ஜெஃப் ஆட்வுட், ராபின் வார்டு, சாம் சாஃப்ரன் மூவரும் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகு, பயன்படுத்தச் சுகம். மின்னஞ்சலுக்கு வந்த இடுகைக்கு மின்னஞ்சலிலிருந்தே பதில் போடலாம். வம்பு பேசுபவரை உறுப்பினர்களே கொடி காட்டி அடக்கலாம். குறைந்த வேலையாட்களோடு நடக்கும் களத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அது ரூபி, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எல்லாவற்றையும் டாக்கருக்குள் வைத்து ஓடுவது. தனி சர்வர் வேண்டும். 1 ஜிபி மெமரியில் ஸ்வாப் வைத்துத் தள்ளலாம், 2 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு சரியாக அமையாவிட்டால் புதியவர்கள் உள்ளே வரவே முடியாது. ஒரு நாள் அது நின்றுபோனால் எழுந்து பார்ப்பது யார்? நீதான். எனக்கு உறுத்துவது அதுதான்.

ஃபிளாரம் அழகானது, எடை குறைந்தது. இசோடாக், ஃப்ளக்ஸ்பிபி என்ற இரண்டு பழைய முயற்சிகளை நடத்தியவர்கள் சேர்ந்து எழுதியது. அதன் 1.0 பதிப்பே 2021-ல்தான் வந்தது. கூடுதல் வசதிகளைப் பெரும்பாலும் கம்போசர் கட்டளை கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வயதாகட்டும் என்பேன்.

பிஎச்பிபிபிக்கு வருமுன் அத்தை விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ கேட்கும் தமிழ்த் தாய்மாருக்கு அத்தை ஓர் இலவச இணையக் குழுவில் வருஷக்கணக்காகப் பதில் எழுதினாள். குழந்தைக்கு முதல் சத்தத்தை எப்படி அறிமுகப்படுத்துவது, உதட்டை மறைத்துக்கொண்டு ஏன் பேச வேண்டும், தாத்தா பாட்டி எப்படிப் பேச்சுக் கொடுக்கலாம், எல்லாம் எழுதினாள். அந்தக் குழுவை நடத்திய நிறுவனம் ஒரு நாள் கடையை மூடியது. அத்தை போய், வீடே நிலைகுலைந்து கிடந்த நேரம் அது. அவள் மின்னஞ்சலுக்கு வந்த கடைசி எச்சரிக்கையை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரு வரி மிஞ்சவில்லை, கயல். நீ இன்று ராத்திரியில் கண்விழித்து எழுதும் பதில்களில் பாதியை அவள் அன்றைக்கே எழுதிவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

பெரிய நிறுவனம் என்பது பாதுகாப்பு ஆகாது. கூகுள் ஆர்குட்டை 2014 செப்டம்பரிலும், கூகுள் பிளஸ்ஸை 2019 ஏப்ரலிலும் மூடியது. "பேஸ்புக் குரூப் போதாதா" என்று கேட்ட உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லு.

அதனால்தான் என் மனம் பிஎச்பிபிபி பக்கம் போகிறது. 2000-ல் தொடங்கியது. தொடங்கிய ஜேம்ஸ் அட்கின்சன் 2007-ல் விலகிவிட்டார். அந்த வருஷக் கடைசியிலேயே 3.0 பதிப்பு வந்தது. தொடங்கியவர் போனாலும் நிற்கக்கூடியது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். நாளைக்கு உன்னால் முடியாமல் போனாலும், பிஎச்பி தெரிந்த எந்தப் பையனும் அதை எடுத்து நடத்தலாம். பக்கம் சர்வரிலேயே தயாராகி வருவதால் பழைய போனிலும் திறக்கும். ஆண்ட்ராய்டில் ஜாவாஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறது என்று 2015-ல் ஆட்வுட்டே எழுதினார். அதன் பிறகு போன்கள் வேகமாகிவிட்டன என்பாய். ராமநாதபுரத்துத் தாயின் கையில் இருப்பது உன் போன் இல்லையம்மா. பின்னால் டிஸ்கோர்ஸ்தான் வேண்டுமென்று தோன்றினால், பிஎச்பிபிபியிலிருந்து இடுகைகளை அப்படியே கொண்டுபோக டிஸ்கோர்ஸ்காரர்களே நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. தோற்றம் பழசு. விளம்பர பாட்கள் மொய்க்கும். பதிவுப் பக்கத்தில் தமிழிலேயே ஒரு கேள்வி வைக்கும் வசதி இருக்கிறது, வைத்துவிடு. அப்டேட்டைத் தள்ளிப்போடாதே. 2004 டிசம்பரில் சாண்டி என்ற புழு, புதுப்பிக்காமல் கிடந்த பிஎச்பிபிபி தளங்களைக் கூகுளில் தேடித் தேடி அழித்தது.

எதை நிறுவினாலும் தமிழில் தேடிப் பார். "பிராசஸர்" என்று தேடினால் "பிராசஸருக்கு" என்று எழுதிய இடுகையும் வர வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ் விகுதிகளைக் களையும் வசதி உண்டு, ஆனால் களத்தின் மென்பொருள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தேடிக் கிடைக்காத பதில் இல்லாத பதில்தான். குழந்தைகளின் ஆடியோகிராம், போட்டோ எதுவும் உறுப்பினர் அல்லாதவர் கண்ணில் படக்கூடாது. அந்தப் பகுதியை முதல் நாளே பூட்டிவிடு.

நிறையச் சொல்லிவிட்டேனோ? உன் பெரியம்மா, "அவளுக்குத் தெரியாததா, விடுங்கள்" என்கிறாள். உண்மைதான். நம் வீட்டில் இப்படி ஒரு காரியத்தை எடுத்துச் செய்யும் மனசும் அறிவும் அத்தைக்குப் பிறகு உனக்குத்தான் வாய்த்திருக்கிறது. டிஸ்கோர்ஸ் என்று நீ முடிவு செய்தால் அதிலேயே செய், கண்ணு. பெரியப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதல் வருஷத்து சர்வர் செலவு என்னுடையது, மறுக்காதே. மித்ரனுக்கு என் முத்தம். பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள், நாலு நாளாவது நிம்மதியாகத் தூங்கு.

எந்த மென்பொருளானாலும் வாரம் ஒருமுறை பேக்கப் எடு. ஒரு நகலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா