எழுத ஓர் இடம், எழுத ஒரு நாழிகை

பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அடுப்பும் தொட்டிலும் தொலைக்காட்சியும் ஒருங்கே குடியிருக்க, அங்கே ஏகாந்தத்தைத் தேடுவது வியர்த்தம். ஆகவே இலங்கை மலையகத்தின் பெரகல, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எழுத விரும்பும் அன்பர்கள் செலவில்லாத இடமொன்றை வெளியே தேடிக்கொள்வதே உசிதம்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் தோட்டப் பாடசாலை ஓய்ந்துவிடும். அதிபரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, கதவைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால், மேசையும் வாங்கும் வெளிச்சமும் இலவசமாகக் கிட்டும். பதுளைப் பகுதியில் தோட்டப் பள்ளி ஆசிரியராயிருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், மலையகச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராய் விளங்கியது இங்கே ஸ்மரிக்கத்தக்கது.

கொழுந்து பறிக்கும் சகோதரிகளுக்கோ இந்த யோசனை உதவாது. மலையை விட்டு இறங்கியதும் சமையல் அவர்கள் தலையில்தானே விழுகிறது! ஞாயிறன்றும் போயா விடுமுறையிலும் வீட்டு ஆண்கள் ஒரு வேளை சோறாக்கட்டும். அந்த நேரத்தில் நடை சாத்திய கோயிலின் மண்டபத்தில் அச்சகோதரிகள் நிம்மதியாக எழுத உட்காரலாம்.

பதுளைக்குப் போகும் காரியமிருந்தால், ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டுப் பொது நூலகத்தில் அமர்வது நன்று.

மூடுபனி இறங்கும் மாதங்களில் தாள் நமுத்து மை ஊறிவிடுமாதலால், பென்சிலால் எழுதி, கொப்பியைப் பொலித்தீன் உறையிலிட்டு அடுப்படிக்கு மேலுள்ள தட்டில் வையுங்கள்.