பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள்

அமெரிக்க மாடல் ரயில்களின் சரக்குப் பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்கு, இதிலேயே தலை நரைத்தவன் சொல்வது:

1. ஒரே அளவில் நில்லுங்கள். எச்ஓ என்றால் அசலில் 87இல் ஒரு பங்கு; நாற்பதடி பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்குப் பெட்டி, ஐந்தரை அங்குலமாகச் சுருங்கும். ‘என்’ (N) என்ற சிறிய ஸ்கேலில் மூன்றே அங்குலம். கண்பார்வையையும் அலமாரியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2. பூதக்கண்ணாடி இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். நல்ல பெட்டியின் பக்கவாட்டில் அதன் ஜாதகமே அச்சாகியிருக்கும். இடப்பக்கம் உரிமையாளரின் சுருக்கெழுத்து, எண், சுமை வரம்பு, வெற்று எடை. வலக்கோடியில் கட்டிய மாதமும் ஆண்டும். சுருக்கெழுத்து ‘எக்ஸ்’ என்று முடிந்தால் சொந்தக்காரர் ரயில்வே கம்பெனி அல்ல. இறைச்சிக் கம்பெனியோ, எண்ணெய்க் கம்பெனியோ, பெட்டிகளை வாடகைக்கு விடுபவரோ.

3. விளம்பர ரீஃபர்கள்தான் எல்லோரையும் முதலில் மயக்கும். குளிர்சாதனப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்த இறைச்சி, சீஸ், பீர் வியாபாரிகள் பக்கவாட்டு முழுக்கத் தங்கள் பெயரைத் தீட்டி ஊர் ஊராக அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. சிக்கல் திரும்பி வரும்போதுதான். போட்டியாளன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும் பெட்டியில் எவன் தன் சரக்கை ஏற்றுவான்? போதாததற்கு, அந்த விளம்பர இடமே பெரிய வாடிக்கையாளருக்குத் தரும் மறைமுகத் தள்ளுபடி என்ற புகாரும் எழுந்தது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கவனித்த ஆணையம் 1934இல் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. 1937 முதல் அது கண்டிப்பாக அமலானது. ஆகவே அப்படியொரு வாடகை ரீஃபரில் 1948 என்று கட்டிய ஆண்டு போட்டிருந்தால், அது யாரோ ஆசைக்கு அடித்த வண்ணம். கற்பனைப் பெட்டி வாங்குவதில் தப்பில்லை, என்னிடமும் இருக்கிறது. அசல் என்று நினைத்து அசலின் விலையைக் கொடுப்பதுதான் தப்பு.

4. கூரையையும் பாருங்கள். மேலே ஆள் நடக்கும் பலகை 1966க்குப் பிறகு புது பாக்ஸ்கார்களில் போய்விட்டது. 1974இல் தொடங்கிய ரெயில்பாக்ஸ் கம்பெனியின் மஞ்சள் பாக்ஸ்காரில் அந்தப் பலகை இருந்தால், கையில் கிடைத்த உடலுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

5. சங்கங்கள் மாநாட்டுக்கோ ஆண்டு விழாவுக்கோ அக்யூரெயில் போன்ற தயாரிப்பாளர்களிடம் சொல்லி அச்சடிக்கும் பெட்டிகளுக்கு அசல் ரயிலே இருக்காது. யார் சொன்னார்கள், எந்த விழாவுக்கு, வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதுதான் அங்கே சரக்கு. விற்பவர் பேசும்போதே கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவுக்குள் போடுங்கள். அவர் வீட்டார் பிறகு விற்க வரும்போது அந்தக் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. “குறைந்த எண்ணிக்கையில் வந்தது” என்று சொல்லி விலையேற்றுவார்கள். எண்ணிக்கை குறைவென்பதால் மட்டும் எதையும் வாங்காதீர்கள். யாருக்கும் பிடிக்காததும் குறைவாகத்தான் அச்சாகும்.

6. கையால் டீகால் ஒட்டியதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்கினால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. ஊசியால் குத்தி, டீகாலை இளக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்.

7. டப்பாவில் பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் அன்றைக்கே எடுத்து எறியுங்கள். நாளாக ஆக அது பிசுபிசுத்துப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் சேராத டிஷ்யூ தாளில் சுற்றி வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். சிவப்புதான் முதலில் வெளுக்கும்.