எந்தப் பாதை நல்ல பாதை?

வாளையார் ஓர் எல்லை ஊர். ஒரு பக்கம் தமிழ்நாடு. மறு பக்கம் கேரளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதன் பெயர் பாலக்காட்டுக் கணவாய். சாலையும் ரயிலும் அந்தக் கணவாய் வழியாகத்தான் போகின்றன. காற்றும் அந்த வழியாகத்தான் வீசுகிறது.

வாளையாரில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கஞ்சிக்கோடு அங்கிருந்து மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். பஸ்ஸில் போனாள். சில நாள் பஸ் தாமதமாக வந்தது. சில நாள் கூட்டம் நிறைந்து நிற்காமலே போனது. தாமதமாகப் போனால் அரை நாள் கூலி பிடித்தார்கள். மாதத்தில் நான்கு முறை அப்படி ஆனது. இரண்டு நாள் கூலி போயிற்று.

அவள் ஒரு பழைய சைக்கிள் வாங்கினாள். அவளுடைய மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

"சைக்கிள் வேண்டாம் கண்ணு. இருட்டு நேரத்துல ஆனை வந்தா என்ன பண்ணுவே?" என்றார் மாமியார்.

"பார்த்துப் போறேனுங்க அத்தை" என்றாள் அவள்.

முதல் நாள்

கஞ்சிக்கோட்டுக்குப் போக மூன்று பாதைகள் இருந்தன. ஒன்று தேசிய நெடுஞ்சாலை. முன்பு அதற்கு எண் 47. இப்போது எண் 544. இரண்டாவது காட்டோரமாகப் போகும் குறுக்குப் பாதை. மூன்றாவது வீடுகளுக்கு நடுவே சுற்றிப் போகும் ஊர்ப் பாதை.

குறுக்குப் பாதைதான் தூரம் குறைவு. அவள் அதில் போனாள். வழியில் ஒரு மேடு வந்தது. எழுந்து நின்று மிதித்தாள். சைக்கிள் நகரவில்லை. இறங்கி உருட்டினாள். மேட்டின் உச்சிக்குப் போனபோது மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் செங்குத்தான இறக்கம். சைக்கிள் வேகம் பிடித்தது. பிரேக்கை அழுத்தினாள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. வேலி ஓரத்து மண்ணில் சைக்கிளை விட்டுச் சாய்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. நல்ல வேளை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மாலையில் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"ஏனுங்கண்ணா, தூரம் கம்மிதானே? அப்புறம் ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டாள்.

"நீ தூரத்தை மட்டும் பார்த்திருக்கே அம்மிணி. மேட்டைப் பார்க்கலை" என்றார் கடைக்காரர். தேய்ந்த பிரேக் கட்டைகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார்.

மேடு என்ன செய்கிறது?

கிணற்றிலிருந்து பத்துக் குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பத்தையும் ஒரே நேரத்தில் தூக்க முடியுமா? முடியாது. ஒவ்வொன்றாகத் தூக்கினால் முடியும். தண்ணீர் அதே தண்ணீர்தான். தூக்கும் விதம்தான் வேறு.

மேடும் அப்படித்தான். ஒரே உயரத்தைச் சின்ன தூரத்தில் ஏறினால் காலுக்குத் தாங்காது. நீண்ட தூரத்தில் மெல்ல ஏறினால் தாங்கும். சுற்றுப் பாதை வீண் பாதை அல்ல. அது சுமையைப் பிரித்துக் கொடுக்கும் பாதை.

ஒன்றை மறக்கக் கூடாது. வழியில் பள்ளம் இருந்தால், இறங்கிய அளவு மறுபடி ஏற வேண்டும். பள்ளம் குறைந்த பாதையே நல்லது.

மேட்டை அளப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். மகனும் கூட வந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி, அளவுகோல், பாதி தண்ணீர் உள்ள மூடிய பாட்டில்.

முதலில் தூரம். முன் சக்கரத்தின் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டினாள். சக்கரம் ஒரு முறை சுற்றினால் எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் கோடு போட்டு அளந்தாள். 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் வந்தது. அப்படியானால் 100 சுற்றுக்கு 220 மீட்டர். மேடு தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரை ரிப்பன் எத்தனை முறை மேலே வருகிறது என்று மகன் எண்ணினான்.

அடுத்து ஏற்றம். குச்சியின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்தாள். குச்சியின் மேல் பாட்டிலைப் படுக்க வைத்தாள். பாட்டிலில் தண்ணீர் சமமாக நிற்கும் வரை குச்சியின் மறு முனையைத் தூக்கினாள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை மகன் அளந்தான். இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் ஏற்றம் நூற்றுக்கு 5. ஒரு மேட்டில் மூன்று இடங்களில் இப்படி அளந்தார்கள்.

நோட்டில் இப்படி எழுதினாள்:

குறுக்குப் பாதை மேடு: 100 சுற்று. 220 மீட்டர். ஏற்றம் நூற்றுக்கு 10. உயரம் 22 மீட்டர்.

ஊர்ப் பாதை மேடு: 250 சுற்று. 550 மீட்டர். ஏற்றம் நூற்றுக்கு 4. உயரம் 22 மீட்டர்.

இரண்டு பாதையிலும் உயரம் ஒன்றுதான். ஆனால் குறுக்குப் பாதையில் சைக்கிளை உருட்டித்தான் போக முடிந்தது. ஊர்ப் பாதையில் மெதுவாக மிதித்தே ஏற முடிந்தது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்

கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடு சுமார் 80 மீட்டர்தான். ஆகவே கிழக்கிலிருந்து மேற்கே போனால் நிலம் தாழ்ந்துகொண்டே போகும். வாளையாரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குக் காலையில் போவது மொத்தத்தில் இறக்கம். மாலையில் திரும்புவது ஏற்றம். வேலை செய்து களைத்த பிறகுதான் ஏற வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வீசும். காலையில் அது முகத்தில் அடிக்கும். மாலையில் முதுகைத் தள்ளிவிடும். மார்கழி, தை மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அப்போது மாலைப் பயணம் மிகக் கடினம். ஏற்றமும் எதிரே. காற்றும் எதிரே. பொழுதும் சீக்கிரம் சாயும்.

கணவாய்க் காற்று லேசானது அல்ல. 1995-ம் ஆண்டில் கேரள மின்சார வாரியம் கஞ்சிக்கோட்டில் ஒன்பது காற்றாலைகளை நிறுவியது. காற்றாலையைச் சுற்ற வைக்கும் காற்று சைக்கிளைத் தடுக்காதா? திறந்த வெளியில் இந்தக் காற்று பலமாக அடிக்கும். வீடும் மரமும் உள்ள தெருவில் சற்றுக் குறையும். இதுவும் ஊர்ப் பாதைக்கு ஒரு நல்ல குறி.

நெடுஞ்சாலையா?

நெடுஞ்சாலையில் செங்குத்தான மேடு இல்லை. ஆனால் லாரிகள் வேகமாகப் போகின்றன. பெரிய லாரி அருகில் கடந்தால் அந்தக் காற்றே சைக்கிளை ஆட்டிவிடும். நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடப்பதும் ஆபத்து. அதற்குப் பயந்து சிலர் எதிர்த் திசையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அது அதைவிட ஆபத்து.

ஆனாலும் நெடுஞ்சாலையை அவள் முழுவதும் ஒதுக்கவில்லை. ஊர்ப் பாதை ஓரிடத்தில் ஆழமான பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த இடத்தில் மட்டும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பக்கச் சாலையில் போக முடிவு செய்தாள். ஒரே பாதையில்தான் முழுவதும் போக வேண்டும் என்பது இல்லை. நல்ல துண்டுகளைச் சேர்த்து ஒரு பாதையை உண்டாக்கலாம்.

மாமியார் சொன்ன வரி

அன்று இரவு அவள் நோட்டில் படம் வரைந்தாள். வீடு, மேடு, பள்ளம், தண்ணீர்க் குழாய், சைக்கிள் கடை, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் குறித்தாள்.

மாமியார் அருகில் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கே? படிச்சுக் காட்டு" என்றார்.

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மாமியார் முழுவதும் கேட்டார். பிறகு படத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"இந்தத் தோட்டத்துல பலா மரம் இருக்குது. பழுக்கிற காலத்துல ஆனை வரும். பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் போகாதே. அதையும் எழுதிக்கோ."

அவள் அதையும் எழுதினாள். அது குறுக்குப் பாதையை ஒட்டிய தோட்டம். அந்த வரி எந்த அளவுகோலிலும் வராத வரி.

ஊர்ப் பாதையில் இருபது நிமிடம் கூடுதல் ஆகும். அவள் இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பினாள். பெருமழை நாளில் பஸ்ஸில் போனாள். அந்த மாதம் ஒரு நாள்கூடக் கூலி பிடிக்கப்படவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற பல்லாயிரம் பெண்கள் அப்போது சைக்கிளும் கற்றார்கள். எழுத்தும் சைக்கிளும் அன்று சேர்ந்தே போயின. வாளையார்ப் பெண்ணின் நோட்டிலும் அவை சேர்ந்தே இருக்கின்றன.

நினைவில் வையுங்கள்

1. தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேடு, பள்ளம், காற்று, வண்டிகள், வெளிச்சம் எல்லாவற்றையும் பாருங்கள்.
2. போகும் வழியை மட்டும் அல்ல, திரும்பும் வழியையும் பாருங்கள்.
3. இறக்கத்துக்கு முன்பே பிரேக்கைச் சோதியுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் குப்புற விழ நேரும்.
4. மழையில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி உருட்டுங்கள்.
5. பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். கேரியரில் கட்டுங்கள்.
6. புதிய பாதையை முதலில் விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள்.

பயிற்சி

1. குறுக்குப் பாதையில் அவளுக்கு என்ன நேர்ந்தது? இரண்டு வரி எழுதுங்கள்.
2. சக்கரத்தின் ஒரு சுற்று 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். 50 சுற்றுக்கு எத்தனை மீட்டர்?
3. மார்கழி மாத மாலையில் வாளையாருக்குத் திரும்புவது ஏன் கடினம்?
4. உங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கோ சந்தைக்கோ போகும் பாதையைப் படமாக வரையுங்கள். மேடு, பள்ளம், ஆபத்தான இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள்.