பிறர் படித்துச் சொல்லும் வரலாறு

(இந்தியப் பல்கலைக்கழகங்களில் சீன வரலாற்றுக் கல்வி வளர்ந்த விதம்)

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

முன்னுரை

"இயற்பியல் படிக்கும் உனக்குச் சீன வரலாறு எதற்கு?" இக்கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் கேட்ட கேள்வி இது. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்ல என் வீட்டுச் செய்தி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் ஊர் தேவாரம். என் தாயார் மலைமேலுள்ள ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள எல்லைக்குள் சென்று, பொழுது சாய்ந்தபின் திரும்புவார். அம்மாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. தோட்டத்தில் கொடுக்கும் சம்பளச் சீட்டோ மலையாளத்தில் இருக்கும். உடன் வேலை செய்யும் ஒருவர் அதைப் படித்துச் சொல்வார்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொண்டு அந்தச் சீட்டை நானே படித்துப் பார்த்தேன். படித்துச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. கைக்கு வரும் தொகையைச் சரியாகவே சொல்லியிருந்தார். ஆனால் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது. அதை அவர் ஒருநாளும் படித்ததில்லை, அம்மாவும் கேட்டதில்லை. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது?

நம் நாட்டு வரலாற்றிலும் இப்படிப் பிறர் படித்துச் சொல்லக் கேட்ட பகுதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று சீன மொழியில் இருக்கிறது.

சீன ஏடுகளில் நம் செய்தி

இராசராச சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனத்துச் சோங் அரசவையை அடைந்தது. முத்தும் யானைத் தந்தமும் காணிக்கையாகச் சென்றன. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1077இல், 72 பேர் கொண்ட மற்றொரு குழு சென்றது. இவற்றை நாம் அறிவது சீன அரச வரலாற்று ஏடுகளால்தான்.

நாகப்பட்டினத்தில் 'புதுவெளிக் கோபுரம்' என்றும் 'சீனக் கோபுரம்' என்றும் மக்கள் வழங்கிய பழங்கட்டடம் ஒன்று இருந்தது; 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் தாயுவான் என்னும் சீனர், இக்கடற்கரையில் ஒரு செங்கல் கோபுரம் இருந்ததையும், அதில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகள் இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் தொடர்புபடுத்தி ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கோபுரம் போய்விட்டது, அயல்நாட்டு ஏட்டில் எழுத்து நிற்கிறது.

மறுபுறம், சீனத்துச் சுவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் 1409ஆம் ஆண்டுச் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. இக்கற்களை முழுமையாகப் படிக்க ஒரு மொழி போதாது என்பது கண்கூடு.

பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் தென்னிந்தியாவைப் பற்றிய அயலார் குறிப்புகளைத் தொகுத்து 1939இல் வெளியிட்டார். பெரும் பணி அது. எனினும் சீனக் குறிப்புகளுக்கு மேலைநாட்டு அறிஞர்களின் மொழிபெயர்ப்புகளையே அவர் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவ்வறிஞர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் கேள்விகளுக்கு விடை தேடிப் படித்தவர்கள்.

சாந்திநிகேதனத்தில் தொடக்கம்

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி நட்பில் பிறந்தது. கவியரசர் தாகூர் 1924இல் சீனம் சென்று திரும்பினார். அவர் அழைப்பை ஏற்று, ஹூனான் மாநிலத்தைச் சேர்ந்த தான் யுன்ஷான் என்ற இளைஞர் 1928இல் சாந்திநிகேதனம் வந்தார். தம் நாட்டில் நிதியும் நூல்களும் திரட்டிக் கொண்டுவந்தார். 1937 ஏப்ரல் 14 அன்று விசுவபாரதியில் 'சீன பவனம்' திறக்கப்பட்டது. நூலகமும் மொழி வகுப்பும் பௌத்த நூலாராய்ச்சியும் அங்கு ஒரே கூரையின்கீழ் அமைந்தன. வடமொழி மூலம் மறைந்துபோன பௌத்த நூல்களைச் சீன மொழிபெயர்ப்பிலிருந்து மீட்கும் பணியும் நடந்தது.

அங்கு நடந்த ஆராய்ச்சி பெரும்பாலும் பழங்காலத்தையே நோக்கியது. யுவான் சுவாங்கின் சீனத்தை அறிந்தோம். நம் காலத்துச் சீனத்தை அறிந்தவர் சிலரே.

போருக்குப் பின் தில்லியில்

அதன் விலை 1962இல் தெரிந்தது. அக்டோபர் 20 அன்று தொடங்கிய எல்லைப் போர் ஒரு மாதமே நடந்தது. அண்டை நாட்டை எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பதை அந்த ஒரு மாதம் காட்டிவிட்டது.

1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுக்கெனத் தனி மையம் தோன்றியது. அதைக் கட்டி எழுப்பியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் வி.பி. தத். இளம் ஆய்வாளர்கள் மொழிப் பயிற்சிக்காக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 1969இல் ஜப்பானிய ஆய்வும் பின்னர்க் கொரிய ஆய்வும் சேர்ந்தன; இன்று அது கிழக்காசிய ஆய்வுத் துறை என வழங்குகிறது. முதுகலை முதல் முனைவர் பட்டம் வரை அங்குப் பயிலலாம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலோ சீன மொழியை இளநிலைப் பட்டம் முதலே பயிலலாம்.

நட்புக்காகத் தொடங்கியது ஒன்று. அச்சத்தால் தொடங்கியது மற்றொன்று. இரண்டையும் இணைத்தவர் தான் யுன்ஷானின் மகனார் தான் சுங். தில்லியில் சீன வரலாறு கற்பித்த அவர், பின்னர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அபினிப் போரின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1978இல் வெளிவந்தது.

நம் கேள்வி, நம் விடை

அபினிப் போர் சீனருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நடந்தது என்று பள்ளியில் படித்தோம். அந்த அபினி எங்கே விளைந்தது? பீகாரிலும் காசிப் பகுதியிலும் நம் உழவர்கள் விளைவித்தது. கல்கத்தாவில் கம்பெனியார் ஏலம் விட்டது. போரில் சென்ற சிப்பாய்கள் யார்? 1841இல் கான்டன் நகரருகே கொட்டும் மழையில் கிராமத்து மக்களிடம் சிக்கிக்கொண்டது சென்னை மாகாணத்தின் 37ஆம் படைப்பிரிவு. தில்லியில் சீன வரலாறு கற்பித்த மாதவி தம்பி, சீனத்தில் வாழ்ந்த இந்திய வணிகர், சிப்பாய், காவலர் ஆகியோரின் வரலாற்றை ஆராய்ந்து 2005இல் நூலாக்கினார்.

நம்மைப் பற்றிய வரி சீட்டில் எப்போதும் இருந்தது. அதைத் தேடிப் படிக்க நம்மவர் ஒருவர் வேண்டியிருந்தது. ஒரு பட்டப்படிப்பின் பயன் இதுவே என்று கருதுகிறேன்.

எதனால் நிலைக்கிறது?

இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மொழி. சீன மொழியறிவு இல்லாத சீன வரலாற்றுப் படிப்பு, செய்முறை இல்லாத இயற்பியல் போன்றது. செய்தித்தாள் படிக்கவே சில ஆயிரம் எழுத்துகள் தெரிய வேண்டும். இரண்டாவது, நூலகம். மூன்றாவது, ஆசிரியர் வழிமுறை. ஒருவர் ஓய்வு பெறுமுன் அடுத்தவர் உருவாகியிருக்க வேண்டும். இம்மூன்றும் ஓராண்டில் வருவன அல்ல. போர் வந்தபின் தொடங்கினால் காலம் கடந்துவிடுகிறது.

முடிவுரை

தமிழ்நாட்டிலும் விதை விழாமல் இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சீன ஆய்வு மையம் உள்ளது. ஆனால் சோழர் தூது பற்றிய சீன ஏட்டையும் தஞ்சைக் கல்வெட்டையும் ஒரே மேசையில் வைத்துத் தாமே படிக்கவல்ல தமிழர் பலர் வேண்டும்.

அது இயலாததன்று. ஜப்பானில் பிறந்த நொபொரு கராசிமா தமிழ் கற்று, நம் கல்வெட்டுகளைப் படித்து, சோழர் காலத்து நிலவுடைமையை நமக்கே விளக்கினார். அவரால் இயன்றது நம்மால் இயலாதா? தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலை அகராதியோடு போராடிப் படிக்கிறவர்கள் நாம். புதிய மொழியின் வாசலில் நிற்பது நமக்குப் பழகிய வேலை.

வரலாற்றுத் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது தில்லியையும் சாந்திநிகேதனத்தையும் எண்ணிப் பாருங்கள். பேராசிரியப் பெருமக்கள் அதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

என் தாயார் இப்போது சீட்டை என்னிடம்தான் தருகிறார். சென்ற மாதம் "பிடித்தம் எவ்வளவு?" என்று அவரே கேட்டார். நான் படிப்பதற்குமுன் வந்த கேள்வி அது.